கூடிக் கலைகிற மேகம் என்ன செய்துவிட்டுப் போகிறது?

செட்டிநாட்டுப் பள்ளத்தூர்த் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "சின்ன வயதில் ஆவணி, புரட்டாசி என்றால் பகலில் வெயில் அடித்த நாளெல்லாம் சாயங்காலம் மழை வந்துவிடும். இப்போது மேகம் கருக்கிறது, காற்று அடிக்கிறது, அப்படியே கலைந்து போகிறது. சீமைக்கருவேலம்தான் மேகத்தை விரட்டுகிறது என்கிறார்கள் ஊரில். காலநிலை மாறியதால் மழை மாறியதா, இல்லை மேகமும் மழையும்தான் காலநிலையை மாற்றுகின்றனவா? புரியும்படி சொல்லுங்கள், ஐயா."

தம்பி, முப்பது ஆண்டுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன் நான். மழை பெய்த நாளெல்லாம் அளந்து நோட்டில் எழுதிவைக்கிற பழக்கமும் உண்டு. உங்கள் கேள்வியில் இரண்டு பக்கமும் உண்மைதான். ஆனால் முதல் பக்கத்தைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். மேகம் காலநிலைக்கு என்ன செய்கிறது என்பது பேச்சில் வருவதே இல்லை. மழை பெய்யாமல் போனால் "ஏமாத்திட்டுப் போச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறோம். பெய்யாத மேகமும் அன்றைக்கு ஒரு வேலை பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் மேகம் பிறக்கிற இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

புதுவயல் பக்கம் அரிசி ஆலையில் நெல் அவிக்கும்போது நின்று பார்த்திருப்பீர்கள். ஆவி வெளியேறும் குழாயின் வாயை ஒட்டி ஒரு சாண் உயரத்துக்கு ஒன்றுமே தெரியாது. அதற்கு மேல்தான் வெள்ளையாகக் கிளம்பும். இன்னும் மேலே போனால் அந்த வெள்ளையும் காணாமல் போய்விடும். ஒன்றுமே தெரியாத அந்த ஒரு சாண்தான் உண்மையான நீராவி. வெள்ளையாகத் தெரிவது ஆவி அல்ல, ஆவி குளிர்ந்து உண்டான பொடிப்பொடித் தண்ணீர்த் துளிகள். மேலே காணாமல் போவது, அந்தத் துளிகள் வறண்ட காற்றில் கலந்து மறுபடி ஆவியாவது. மேகம் பிறப்பது, நிற்பது, கலைவது மூன்றையும் அந்தக் குழாய்க்கு மேல் இரண்டு முழத்துக்குள் பார்த்துவிடலாம்.

வானத்திலும் இதேதான் நடக்கிறது. வெயிலில் காய்ந்த செம்மண் தன்மேல் உள்ள காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே ஏறுகிறது. உயரே போகப் போகச் சுற்றியுள்ள அழுத்தம் குறைவதால் அது விரிகிறது. விரிகிற காற்று தானாகவே குளிர்கிறது. ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஏறத்தாழ 10 டிகிரி குறையும். குளிரக் குளிர, அந்தக் காற்றில் ஆவி ஆவியாகவே தங்க முடியாத ஓர் உயரம் வருகிறது. அங்கேதான் துளி பிறக்கிறது. மதியத்து மேகங்களின் அடிப்பாகம் பலகையில் வைத்துச் சீவியது போலத் தட்டையாக இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அந்தத் தட்டைதான் அந்த உயரம். அதை வீட்டிலிருந்தே கணக்குப் போடலாம். காற்றின் வெப்பநிலைக்கும் பனி படிகிற வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசம் ஒவ்வொரு டிகிரிக்கும் 125 மீட்டர். இரண்டும் கைபேசியில் வானிலைச் செயலியிலேயே வருகின்றன. 34 டிகிரி, 24 டிகிரி என்று காட்டினால், மேகத்தின் அடி ஏறத்தாழ 1,250 மீட்டர் உயரத்தில் இருக்கும்.

குளிர்ந்தால் மட்டும் போதாது. ஆவி உட்காருவதற்கு ஒரு பிடி வேண்டும். 1880-களில் ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜான் எய்ட்கன் கண்ணாடிக் கலத்தில் தூசி நீக்கிய காற்றையும் சாதாரணக் காற்றையும் தனித்தனியே வைத்துப் பார்த்தார். தூசி இருந்த காற்றில் உடனே பனிப்புகை வந்தது, தூசி இல்லாததில் வரவில்லை. தொண்டிக் கடலில் அலை உடையும்போது தெறிக்கிற உப்பு, காற்று வாரிக்கொண்டு போகிற புழுதி, ஆலையில் உமி எரிகிற புகை எல்லாமே மேகத்துக்கு விதைதான்.

இந்தத் துளியின் அளவை மனதில் வாங்கிக்கொண்டால் உங்கள் கேள்வியில் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும். மேகத்துளி ஒன்றின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். அது விழுகிற வேகம் நொடிக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். ஒரு கிலோமீட்டர் இறங்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். அடியிலிருந்து வருகிற காற்று அதற்குள் அதைத் தூக்கிவிடும், இல்லையென்றால் வழியிலேயே காய்ந்துவிடும். கையில் வந்து விழுகிற ஒரு மழைத்துளி ஆக வேண்டுமானால் அப்படிப்பட்ட பத்து லட்சம் துளிகள் ஒன்றுசேர வேண்டும். ஆகவே மேகம் வேறு, மழை வேறு. வானத்தில் கூடுகிற மேகங்களில் பெரும்பாலானவை மழையாகாமல்தான் போகின்றன. உங்கள் அப்பத்தா காலத்திலும் அப்படித்தான்.

ஒன்றுசேர இரண்டு வழி உண்டு. ஒன்று, பெரிய துளி சின்னத் துளிகளை மோதிச் சேர்த்துக்கொண்டே இறங்குவது. கடலிலிருந்து வருகிற மேகத்தில் உப்புத்துகள் பெரிதாக இருப்பதால் துளியும் பெரிதாகப் பிறக்கும், இந்த வழி எளிதாக நடக்கும். ஐப்பசியில் கிழக்கிலிருந்து கொண்டல் அடிக்கும்போது இடியே இல்லாமல் உயரம் குறைந்த மேகம் சரசரவென்று பெய்துவிட்டுப் போகிறதே, அது இந்த வகை.

இன்னொன்று பனிக்கட்டி வழி. நம் ஊரில் சித்திரை வெயிலிலும் தலைக்குமேல் 5 கிலோமீட்டர் போனால் தண்ணீர் உறைகிற குளிர்தான். சாயங்கால இடி மேகம் 12, 15 கிலோமீட்டர் வரை எழும்பும். மேலே போன தண்ணீர் உடனே உறைந்துவிடாது. பூஜ்யத்துக்குக் கீழே 38 டிகிரி வரைகூட நீராகவே நிற்கக்கூடியது. நடுவில் ஒரு பனிப்படிகம் வந்தால், சுற்றியுள்ள துளிகளெல்லாம் ஆவியாகி அந்தப் படிகத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். படிகம் கனத்து விழும், வழியில் உருகி மழையாகும். சில நாள் உருக நேரமில்லாமல் ஆலங்கட்டியாகவே வந்து ஓட்டைப் பதம் பார்க்கும். கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்னாரே ஆல்ஃபிரட் வேக்னர், அவர்தான் 1911-இல் இதைக் குறிப்பிட்டார். அதை மழையோடு பொருத்திக் காட்டியவர் சுவீடனின் டோர் பெர்ஜரோன். 1922-இல் ஆஸ்லோவுக்கு அருகே ஒரு மலைக்காட்டில் நடக்கும்போது அவர் கவனித்தார்: கடுங்குளிர் நாளில் மூடுபனி காட்டு வழிக்குள் இறங்காமல் மரத்தலைகளோடு நின்றுவிடுகிறது, குளிர் குறைந்த நாளில் தரை வரை இறங்குகிறது. மரக்கிளையில் படிந்திருந்த பனிக்கட்டிதான் மூடுபனியின் ஈரத்தை இழுத்துக்கொண்டது. இழுத்தது மரம் அல்ல, அதில் ஒட்டியிருந்த பனிக்கட்டி. சீமைக்கருவேலத்துக்கு வரும்போது இதை நினைவில் வையுங்கள்.

சரி, கருத்த மேகம் ஏன் கலைகிறது? ஆவணி, புரட்டாசியில் நமக்கு வருகிற மழை பெரும்பாலும் அன்றன்றைக்கு வெயில் சமைக்கிற மழை. மேற்கிலிருந்து காற்று வருகிறது. மதியத்துக்கு மேல் பாக் நீரிணைப் பக்கமிருந்து கடற்காற்று ஈரத்தோடு உள்ளே ஏறுகிறது. தேவகோட்டையிலிருந்து தொண்டிக் கடல் சுமார் நாற்பது கிலோமீட்டர்தானே. இரண்டு காற்றும் முட்டுகிற இடத்தில் போக வழியில்லாமல் மேலே எழும்புகிறது. அந்தக் கோடு ஒரு நாள் கண்டனூர்மேல் விழும், ஒரு நாள் திருமயத்துக்கு அப்பால் விழும். ஆகவேதான் ஒரு தெருவில் தண்ணீர் ஓடும்போது அடுத்த ஊரில் புழுதி பறக்கிறது. ஆடியில் போல மேற்குக் காற்று பலமாக இருந்தால் கடற்காற்று உள்ளே வரவே முடியாது. எழும்புகிற மேகத்தின் தலையையும் காற்று சாய்த்துக் கொண்டுபோய்விடும். நடு உயரத்தில் வறண்ட காற்று இருந்தால், ஆலைக் குழாயின் மேல் வெள்ளை காணாமல் போகிறதே, அதேபோல மேகத்தின் ஓரம் பஞ்சு பிய்ந்தது போலப் பிய்ந்து கரையும். சில நாள் மழை இறங்கியும் தரைக்கு வராது. மேகத்தின் அடியில் சாம்பல் நிற இழைகள் தொங்கி, நடுவிலேயே முடிந்துவிடும். வழியில் காய்ந்த அந்த மழை காற்றைக் குளிரவைத்துக் கீழே தள்ளுகிறது. "காற்று அடிக்கிறது, கலைந்து போகிறது" என்று எழுதினீர்களே, அந்தக் குளிர்ந்த காற்று நமக்கு வராமல் போன மழைதான்.

இனி, மேகம் காலநிலைக்கு என்ன செய்கிறது என்பதற்கு வருவோம். செட்டிநாட்டில் இருந்துகொண்டு ஐந்தொகை தெரியாதவர்கள் குறைவு. வருஷக் கடைசியில் வரவையும் பற்றையும் எடுத்து வைத்து நேர் பார்ப்பதுதானே அது. பூமிக்கும் அப்படி ஒரு கணக்கு இருக்கிறது. சூரியனிலிருந்து வருகிற வெப்பம் வரவு, வான்வெளிக்குத் திரும்பிப் போகிற வெப்பம் பற்று. மேகம் இந்த இரண்டு பத்தியிலும் எழுதுகிறது. அதுதான் சிக்கல், அதுதான் அழகும்.

வெயில் பக்கம் பார்த்தால் மேகம் ஒரு பந்தல். கனத்த மேகம் தன்மேல் விழும் ஒளியில் முக்கால் பங்குக்கு மேலும் திருப்பி அனுப்பிவிடும். அடியில் கடல் மட்டும் இருந்தால் ஒளியில் பத்தில் ஒரு பங்குகூடத் திரும்பாது. இரவுப் பக்கம் பார்த்தால் அதே மேகம் ஒரு போர்வை. தரை விடுகிற வெப்பத்தை வாங்கி ஒரு பகுதியைக் கீழேயே திருப்பி விடுகிறது. மார்கழியில் வானம் தெளிந்திருந்தால் விடியற்காலை முற்றத்துக் கல் சில்லென்று இருக்கும், பித்தளைச் சொம்பின் வெளிப்பக்கம் ஈரமாக இருக்கும். அதே மார்கழியில் மந்தாரம் போட்ட இரவில் போர்வையை உதைத்துத் தள்ளுகிறோம்.

எந்த மேகம் பந்தல், எந்த மேகம் போர்வை? உயரம் குறைந்த, கனத்த மேகம் பெரும்பாலும் பந்தல். அதன் தலை அவ்வளவு குளிராக இல்லாததால் வெப்பத்தை மேலே விட்டுவிடும். பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் கோழியிறகு போலத் தெரிகிற மெல்லிய பனிமேகம் பெரும்பாலும் போர்வை. வெயிலை உள்ளே விடும், வெப்பத்தை வெளியே விடாது. உலகம் முழுவதற்கும் கூட்டிக் கழித்தால் எது ஜெயிக்கும் என்று 1980-கள் வரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. செயற்கைக்கோள் அளவீடுகளை வைத்து 1989-இல் அதற்கு விடை சொன்னது வீரபத்ரன் ராமநாதன் தலைமையிலான குழு. அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். கானாடுகாத்தான் அரண்மனைக்காரர் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய அதே பல்கலைக்கழகம். நம் ஊர்ப் பணம் கட்டிய வகுப்பறையில் உட்கார்ந்தவர் மேகத்தின் ஐந்தொகையைப் போட்டார் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. விடை இதுதான்: பந்தல் ஜெயிக்கிறது. இப்போதைய மதிப்பீட்டில், நிகரமாகச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 20 வாட் அளவுக்கு மேகங்கள் பூமியைக் குளிரவைக்கின்றன. காற்றிலுள்ள கரியமில வாயு இரட்டிப்பானால் கூடுகிற வெப்பம் 4 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேகம் கொஞ்சம் கை மாற்றினாலும் கணக்கு எவ்வளவு மாறும்!

மாற்றுகிறதா என்பதுதான் நாற்பது ஆண்டுக்கும் மேலான கேள்வி. கரியமில வாயு இரட்டிப்பானால் பூமி எத்தனை டிகிரி சூடாகும் என்பதற்கு 1979-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் குழு ஒன்று 1.5 முதல் 4.5 டிகிரி என்றது. அந்த இடைவெளி அப்படி அகலமாகவே கிடந்ததற்கு முக்கியக் காரணம் மேகம். 2021-இல் ஐ.நா. காலநிலைக் குழுவின் அறிக்கை அதை 2.5 முதல் 4 என்று குறுக்கியது. சூடு கூடக் கூடக் கடல்மேல் உள்ள தாழ்ந்த மேகம் மெலிகிறது, பந்தலில் ஓட்டை விழுகிறது. உயர்ந்த மேகம் இன்னும் உயரே போகிறது, போர்வை இறுகுகிறது. ஆக, மேகம் சூட்டைத் தணிக்க வரவில்லை, கூட்டவே செய்கிறது என்பது அந்த அறிக்கையின் முடிவு. உங்கள் கேள்வியின் இரண்டாம் பக்கத்துக்கு இதுதான் நேரான பதில்.

மூன்றாவது வேலை, வெப்பத்தைத் தூக்கிச் சுமப்பது. இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு, ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் மேல் கசிகிற நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. எடுத்துக்கொண்டு போன வெப்பம் எங்கே? அந்த ஆவியிலேயே ஒளிந்திருக்கிறது. ஆவி மேகத்தில் துளியாகும்போது ஒரு பைசா குறையாமல் திரும்பக் கொடுத்துவிடுகிறது. ஒரு கிலோ நீருக்கு 25 லட்சம் ஜூல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு கோடி லிட்டர். அந்த மழை உருவானபோது மேலே வெளியான வெப்பம் ஏறத்தாழ 70 லட்சம் யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஓர் ஊர்மேல் ஒரு மணி நேரம் பெய்த மழையின் கணக்கு இது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யம் பக்கம் கரையேறிப் புதுக்கோட்டை வழியாக வந்து மரங்களையெல்லாம் சாய்த்ததே கஜா, அந்தச் சுழலை ஓட்டியதும் மேகத்தில் வெளியான இந்த வெப்பம்தான்.

இந்த வெப்பம் உயரத்தில் வெளியானால் காற்று இன்னும் ஏறும். கிணற்று ராட்டினத்தில் ஒரு வாளி ஏற மறு வாளி இறங்குவது போல, ஓரிடத்தில் ஏறிய காற்று வேறோர் இடத்தில் இறங்கியே ஆக வேண்டும். இறங்குகிற காற்று அழுந்திச் சூடாகிறது, வறள்கிறது. உலகத்தின் பெரிய பாலைவனங்கள் பலவும் அப்படிக் காற்று இறங்குகிற இடங்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் ஆனி ஆடியைப் பாருங்கள். அரபிக்கடலிலிருந்து 30 டிகிரியில் ஈரக்காற்று வருகிறது என்று வையுங்கள். முதல் 500 மீட்டரில் 5 டிகிரி குறைந்து 25. அங்கே மேகம் பிடிக்கிறது. இனி ஏறும்போது துளியாகிற ஆவி வெப்பத்தைத் திருப்பித் தருவதால், அடுத்த ஒரு கிலோமீட்டருக்கு 10 டிகிரி குறையாமல் 5 டிகிரிதான் குறையும். 1,500 மீட்டரில் மலை உச்சியில் 20 டிகிரி. ஈரத்தையெல்லாம் கேரளத்தில் கொட்டிவிட்டு நம் பக்கம் இறங்கும்போது மேகம் இல்லை; கிலோமீட்டருக்கு 10 டிகிரி வீதம் ஏறி, கீழே வரும்போது 35. 30-இல் போன காற்று 35-இல் வருகிறது! அந்த 5 டிகிரி அங்கே பெய்த மழை விட்டுப்போன வெப்பம். அவர்களுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர், நமக்கு 900 பக்கம். நம் ஊரின் ஆனி ஆடி வெயிலைச் சமைப்பதில் மலைக்கு அந்தப் பக்கத்து மழைக்கும் பங்கு உண்டு. மழை காலநிலையை ஆக்குகிறது என்பதற்கு இதைவிடக் கிட்டத்தில் எனக்கு உதாரணம் தெரியவில்லை.

பசிபிக் கடலின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாகி, அங்கே மழை பெய்கிற இடம் கிழக்கே நகர்ந்தால் எல் நினோ என்கிறோம். அந்த ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை நாட்டுக்குக் குறைவதும், தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை கூடுவதும் பெரும்பாலும் நடக்கிறது. 2015 அப்படி. எப்போதும் அப்படியே நடக்கும் என்று எழுதிவைக்க முடியாது. 2021-இல் எதிர்நிலையான லா நினாவிலும் நமக்குக் கொட்டித் தீர்த்தது.

"மழை மாறிவிட்டதா" என்ற முதல் பக்கத்துக்கு வருகிறேன். ஒரு டிகிரி சூடு கூடினால் காற்று தாங்கக்கூடிய ஆவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். அப்படியானால் உலகத்தின் மொத்த மழையும் 7 விழுக்காடு கூட வேண்டுமல்லவா? கூடவில்லை, ஏறத்தாழ 2 விழுக்காடுதான் கூடும். காரணம் மறுபடியும் ஐந்தொகைதான். மழை உண்டாகும்போது மேலே வெப்பம் வெளியாகிறது என்றேனே, அதைக் காற்று வான்வெளிக்குக் கழித்துவிட்டால்தான் அடுத்த மழைக்கு இடம். அந்தக் கழிவு வேகமாகக் கூடாது. கிடங்கில் சரக்கு 7 வீதம் சேர்கிறது, கடை வாசலில் விற்பது 2 வீதம்தான் ஏறுகிறது. அப்போது என்ன ஆகும்? ஆவி காற்றில் அதிக நாள் தங்கிச் சேரும். இறக்கும்போது ஒரேயடியாக இறக்கும். இறக்கிய பிறகு மறுபடி சேர அதிக நாளாகும். மழை நாள்களுக்கு நடுவே இடைவெளி நீளும், பெய்கிற நாளில் அளவு மிஞ்சும். ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்தால் பெரிய மாற்றம் தெரியாது. "ஒரு உழவு மழை" என்று நாங்கள் சொல்வோமே, நிலம் குடிக்கிற பதமான மழை, அதுதான் இந்தக் கணக்கில் அடிபடுகிறது.

ஒற்றை ஆண்டை வைத்துக் காலநிலை பேசக்கூடாது, தெரியும். ஆனாலும் எப்படிப்பட்ட ஏற்ற இறக்கத்துக்கு நாம் தயாராக வேண்டும் என்பதற்கு இரண்டைச் சொல்கிறேன். 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுக்கு 62 விழுக்காடு குறைவு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 946 மில்லிமீட்டர். சிவகங்கைச் சீமைக்கு ஓர் ஆண்டு முழுவதும் பெய்கிற மழை அது, ஒரே நாளில்.

சாயங்கால மழை நம் ஊரில் குறைந்ததா என்று என்னைக் கேட்டால், நினைவை மட்டும் நம்பாதீர்கள் என்பேன். முற்றத்தில் நின்று நனைந்த நாள் மனதில் நிற்கும், காய்ந்த புரட்டாசிகள் நிற்காது. பதிவேட்டில் ஐம்பது ஆண்டு எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

புகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விதை அதிகமானால் விளைச்சல் அதிகம் என்று தோன்றும். மேகத்தில் தலைகீழ். இருக்கிற ஆவியைப் பல மடங்கு துகள்கள் பங்கு போட்டுக்கொண்டால் ஒவ்வொரு துளியும் சிறுத்துவிடும். சிறுத்த துளி மோதிச் சேராது, மழை தள்ளிப்போகும். மேகம் மட்டும் இன்னும் வெள்ளையாகி வெயிலைத் திருப்பும். மேகம் இப்படி வெள்ளையாவதை 1970-களில் ஷான் டூமி என்பவர் விளக்கினார். 1999-இல் ராமநாதன் உள்ளிட்டோர் இந்தியப் பெருங்கடலில் நடத்திய பெரிய ஆய்வில், நம் துணைக்கண்டத்துப் புகை கடல்மேல் பழுப்புப் படலமாகக் கிடப்பதைக் கண்டார்கள். அந்தப் படலம் கடலுக்குப் போகிற வெயிலைக் குறைக்கிறது, கடல் விடுகிற ஆவியும் குறைகிறது. நல்ல மழை ஒன்று பெய்தால் காற்றிலிருந்து இதையெல்லாம் கழுவி இறக்கிவிடும். ஆச்சிமார்கள் ஓட்டிலிருந்து வரும் முதல் மழைத் தண்ணீரை முற்றத்தோடு விட்டுவிட்டு, அடுத்த மழைக்குத்தான் மூலையில் அண்டா வைப்பார்கள். கூரைத் தூசியும் காற்றுத் தூசியும் முதல் மழையில்தான் வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

மேகத்தில் எதையாவது தூவி மழை வரவழைக்க முடியாதா என்று பலர் கேட்பதால் ஒரு வரி. 1946-இல் அமெரிக்காவில் தொடங்கியது, எண்பதுகளில் தமிழ்நாட்டிலும் முயன்றார்கள். பெய்யத் தயாராக இருக்கிற மேகத்தில் கொஞ்சம் கூட்டலாம். மேகமே இல்லாத வானத்தில் ஒன்றும் செய்ய முடியாது.

சீமைக்கருவேலம். அந்த மரத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. வேர் ஆழமாகப் போய் நிலத்தடி நீரை எடுக்கிறது, கண்மாய்க்குள் மண்டி வரத்துக்காலை அடைக்கிறது. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவில் பல மாவட்டங்களில் வெட்டியபோது நானும் எங்கள் கண்மாயில் போய் நின்றவன்தான். ஆனால் மேகத்தை அது விரட்டவில்லை. ஆஸ்லோ காட்டிலும் ஈரத்தை இழுத்தது மரம் அல்ல, பனிக்கட்டி என்று பார்த்தோமே. ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிற ஈரத்தை ஆறடி, பத்தடி மரம் உறிஞ்ச வழியில்லை. நமக்குப் பெய்கிற மழையின் ஆவி பெரும்பாலும் கடலில் கிளம்பியது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று போனாலும், செட்டிநாடு முழுவதையும் இரண்டு மூன்று மணி நேரத்தில் கடந்துவிடும். அதற்குள் நம் மரங்கள் எடுப்பதும் கொடுப்பதும் மேகத்தின் கணக்கில் சில்லறை. அமேசான் போல ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் காடு இருந்தால் அது வேறு கதை. பழியை மரத்தின் மேல் போட்டுவிட்டு நாம் செய்ததை மறந்துவிடுகிறோம். எங்கள் ஊர் ஊருணிக்கு நீர் வந்த வாய்க்காலின் மேல் ஒருவர் மனை பிரித்து விற்றார். இப்போது நல்ல மழை பெய்த இரவிலும் ஊருணிப் படிக்கட்டில் முதல் படிகூட நனைவதில்லை. மழை வந்தது, நீர்தான் வரவில்லை.

ஒரு சின்ன விஷயம், எனக்கு ஆசையாக இருப்பதால். நம் ஊரில் எங்கே தோண்டினாலும் செம்புராங்கல் வருகிறதே, அது மழை செய்த கல். மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்து லேசான அமிலமாகிப் பாறையை அரிக்கிறது. கரையக்கூடியதெல்லாம் யுகயுகமாகக் கரைந்து போக, மிஞ்சிய இரும்பும் அலுமினியமும் இறுகிச் சிவந்ததுதான் அது. மழை பாறையை அரிக்கும்போது காற்றிலிருந்து கரியமில வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கழிகிறது. பல லட்சம் ஆண்டுக் கணக்கில் பூமியின் சூட்டை மட்டுப்படுத்தி வைத்திருப்பது இந்த வேலை. நம் அவசரத்துக்கு அது உதவாது, அவ்வளவு மெதுவானது. ஆனால் கிணறு வெட்டும்போது கிளம்புகிற அந்தச் சிவப்புக் கல்லைக் கையில் எடுத்தால், மழையும் காலநிலையும் எவ்வளவு நெடுநாளாகக் கணக்கு வைத்துக்கொண்டிருக்கின்றன என்பது எனக்கு விளங்கும்.

தம்பி, இந்தப் புரட்டாசியில் ஒன்று செய்யுங்கள். மூன்று மணிக்கு மேல்மாடிக்குப் போய், மேகத்தின் அடி தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். தலை பூக்கோசுபோல ஓரம் கூர்மையாக இருந்தால் இன்னும் நீர்த்துளிதான். அந்த ஓரம் மங்கி நார்நாராகப் பிரியத் தொடங்கினால் பனிக்கட்டி வந்துவிட்டது. அதன் அடியில் இருக்கும் ஊரில் பெரும்பாலும் அரை மணிக்குள் மழை இறங்கும். வளவுக்கு வெளியே, கூரை மறைக்காத இடத்தில், மேலும் கீழும் ஒரே அகலமுள்ள எவர்சில்வர் டப்பா ஒன்றை வையுங்கள். பெய்து முடிந்ததும் ஸ்கேலை விட்டு எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். எத்தனை மணிக்குப் பிடித்தது, எத்தனை மணிக்கு விட்டது, காற்று எந்தப் பக்கம், இதையும் எழுதுங்கள். கூடிக் கலைந்த நாளையும் விடாமல் எழுதுங்கள், அந்த நாள்தான் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பள்ளத்தூரில் நீங்கள், காரைக்குடியில் நான். தை பிறந்ததும் இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.